எந்தக் கல்லூரி, எந்த மாநிலம்? செவிலியர் படிப்புக்கு அலையும் எல்லைப்புறத் தமிழ் மாணவியர்

புது தில்லி: கேரளத்தின் மறையூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ பிளஸ் 2 முடித்த ஒரு தமிழ் மாணவி செவிலியர் படிப்பில் சேர விரும்பினால், அவர் முன்னால் மூன்று மாநிலங்களின் கல்லூரிகள் நிற்கின்றன. சொந்த மாநிலமான கேரளம், கூப்பிடு தூரத்தில் உள்ள தமிழகம், இரவுப் பேருந்தில் ஏறினால் விடிவதற்குள் சென்று சேரக்கூடிய கர்நாடகம். வாய்ப்புகள் மிகுதி என்றுதான் வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தோன்றும். கேரளத்தில் அவர் தமிழர். தமிழகத்தில் அவர் கேரளத்தவர். கர்நாடகத்திலோ பணம் கட்டும் வெளிமாநிலத்தவர் என்பதுதான் நடைமுறை.

இம்மூன்று மாநிலங்களில் எதில் பெறும் சான்றிதழ் எங்கெல்லாம் செல்லும் என்ற கேள்விக்கு விடை தர வேண்டிய இடம் தலைநகர் தில்லி. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய செவிலியர் கவுன்சில் இங்குதான் இயங்கி வந்தது. அதன் இடத்தில் தேசிய செவிலியர் ஆணையத்தை அமைக்க 2023-இல் சட்டம் இயற்றியதும் இங்குள்ள நாடாளுமன்றம்தான். ஆயினும், ஒரு கல்லூரிக்கு உண்மையில் யார் அங்கீகாரம் அளிக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்குக்கூட பல ஆண்டுகளாக ஒரே பதில் கிடைத்ததில்லை. அந்தக் குழப்பத்தின் விலையை அதிகமாகக் கொடுத்தவர்களில் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறக் குடும்பங்களும் அடங்கும்.

எல்லைக் கோட்டின் இருபுறம்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய பகுதிகளில் வீட்டிலும் சந்தையிலும் தமிழே ஒலிக்கிறது. அவர்களுக்கு அருகில் உள்ள பெருநகரம் கோவை. இடுக்கியில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்து வருகின்றனர். மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாகத் தேனிக்கும், குமுளியிலிருந்து கம்பத்துக்கும், மறையூரிலிருந்து சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கும் இறங்குவது அவர்களுக்கு அன்றாடப் பயணம்.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்து செல்லும் தோட்டத் தொழிலாளர்கள் என்பது, மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. "வந்தவர்கள்" என்ற அந்த முத்திரை எழுபது ஆண்டுகள் கடந்தும் அழியவில்லை என்பதை, கல்லூரி விண்ணப்பத்தோடு சாதிச் சான்று இணைக்க வேண்டிய நாளில் தோட்டத் தொழிலாளியின் மகள் தெரிந்து கொள்கிறார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலரது பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டாரம். பிறந்தது, வளர்ந்தது, வாக்களித்தது, மாண்டது எல்லாம் கேரள மண்ணில்; உறவும் குலதெய்வமும் தமிழகத்தில். இந்த இரட்டை வாழ்வு மனிதர்களுக்கு இயல்பானது. அரசுக் கோப்புகளுக்கு அது புரிவதில்லை.

பாட்டியின் வேலைப் பதிவேடு

பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்நாளில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்ததோ, அந்த மாநிலத்தில்தான் அதன் வாரிசுகளுக்குப் பட்டியல் சாதி என்ற தகுதி உண்டு. அதன் பிறகு வேறு மாநிலம் சென்றவர்கள் புதிய மாநிலத்தில் இடஒதுக்கீடு கோர முடியாது. இடம்பெயர்ந்தோர் சான்றிதழை எங்கிருந்து பெறுவது என்பது குறித்து மத்திய உள்துறை அமைச்சகம் 1977-லும் 1985-லும் சுற்றறிக்கைகள் அனுப்பியுள்ளது. பூர்வீக மாநிலத்துச் சலுகை பூர்வீக மாநிலத்தில் மட்டுமே என்பது அவற்றின் சாரம்.

இந்த விதி உச்ச நீதிமன்றத்தில் உறுதியானதும் ஒரு மாணவரின் வழக்கில்தான். ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்து, ஒன்பது வயதில் தந்தையுடன் மும்பை சென்று, அங்கேயே பிளஸ் 2 முடித்த மர்ரி சந்திரசேகர ராவ், மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கோரினார். மகாராஷ்டிரத்தில் அவர் பழங்குடியினர் அல்லர் என்று 1990 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2018 ஆகஸ்ட் 30-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதே நிலைப்பாட்டை மீண்டும் வலியுறுத்தியது. அதே தீர்ப்பில், தில்லியின் அரசுப் பணிகளில் மட்டும் அகில இந்திய அளவிலான இடஒதுக்கீடு செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். தலைநகருக்கு ஒரு கதவு திறந்தது. தேயிலைத் தோட்டத்துக்குத் திறக்கவில்லை.

1950-க்குப் பிறகு திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்த ஆதி திராவிடக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இவ்விதியால் இரு பக்கமும் நெருக்கப்படுகின்றனர். பள்ளர், பறையர் என்ற பெயர்கள் கேரளத்தின் பட்டியலிலும் உள்ளன. ஆனால் பெயர் இருந்தால் போதாது. 1950-க்கு முன்பே குடும்பம் அங்கு இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். நிலப் பட்டா இல்லாத, தோட்ட நிர்வாகத்தின் லயங்களில் குடியிருந்த மக்களிடம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணம் ஏது? தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பதிவேடு எங்கேனும் மிஞ்சியிருந்தால் உண்டு. ஐயம் எழுந்தால், விசாரணை கோழிக்கோட்டில் உள்ள கிர்தாட்ஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் வரை செல்கிறது. 1996-ஆம் ஆண்டு கேரளச் சாதிச் சான்றுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசித் தேதி அந்த விசாரணைக்காகக் காத்திருப்பதில்லை.

இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதை ஒரு தேர்தல் வழக்கு நாட்டுக்கே காட்டியது. 2021 தேர்தலில் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்று, சட்டப் பேரவையில் தமிழில் உறுதிமொழி ஏற்ற மார்க்சிஸ்ட் கட்சியின் அ.ராஜாவின் வெற்றியை, 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அவரது மதம் மட்டுமன்றி, குடும்பம் எப்போது கேரளத்துக்கு வந்தது என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது. 2025 மே 6-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து ராஜாவின் வெற்றியை உறுதிப்படுத்தியது. கட்சியின் துணையும் மூத்த வழக்கறிஞர்களும் வாய்த்த ஒருவருக்கே தம் சாதியை நிலைநாட்ட நான்கு ஆண்டுகள் பிடித்தன என்றால், பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஜூன் மாதத்துக்குள் என்ன கிடைத்துவிடும்?

செவிலியர் பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 45 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இதில் 5 சதவீதத் தளர்வு உண்டு. ஆக, சான்றிதழ் இல்லையேல் இடஒதுக்கீடு மட்டும் போவதில்லை. குறைந்தபட்சத் தகுதியும் அதனுடன் வரும் கட்டணச் சலுகையும் சேர்ந்தே போய்விடுகின்றன.

பூர்வீக மாநிலமான தமிழகம் ஏற்றுக் கொள்ளுமா என்றால், அங்கே வேறு கேள்வி. மதுரையிலோ தேனியிலோ உள்ள அரசுச் செவிலியர் கல்லூரி இடத்துக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பங்கேற்க, தமிழகத்தில் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். இல்லையேல் தமிழகத்தைச் சேர்ந்தவர் என்பதற்கான இருப்பிடச் சான்றைத் தர வேண்டும். மூணாறில் பிறந்து மூணாறிலேயே படித்த மாணவி எந்த வட்டாட்சியரிடம் போய் நிற்பது? குடும்ப அட்டை கேரளத்தில். வாக்காளர் அட்டை கேரளத்தில். பெற்றோர் முன்னெச்சரிக்கையாகப் பிள்ளைகளைத் தமிழக விடுதிகளில் சேர்த்து உயர்நிலை வகுப்பிலிருந்தே அங்கு படிக்க வைப்பதற்கு, மொழிப் பற்றைப் போலவே இந்த இருப்பிட விதியும் காரணம்.

மேலும் ஒரு சிக்கல் அண்மையில் சேர்ந்துள்ளது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, தமிழகத்தில் பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் வருகின்றனர். கேரளப் பட்டியலில் பழைய பெயர்தான். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்கு, மலையின் இரு புறமும் இரு வேறு சாதிப் பெயர்கள்.

பேருந்து நிலையத்தில் கிடைக்கும் கல்லூரி

கேரளத்தில் பி.எஸ்சி. செவிலியர் படிப்புக்கான அரசு ஒதுக்கீட்டு இடங்களை, பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் எல்.பி.எஸ். மையம் நிரப்புகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் பாதி இடங்கள் அரசுக்கு, பாதி நிர்வாகத்துக்கு. செவிலியர் பணியை வெளிநாட்டுக்கான கடவுச்சீட்டாகக் கருதும் மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான போட்டி கடுமையானது. தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, மேல்நிலையில் ஆங்கில வழிக்கு மாறிய தோட்டப் பகுதி மாணவி அந்தப் பந்தயத்தில் எங்கு நிற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காமல் வேறு பாடம் எடுத்தவர்களுக்குப் பட்டப் படிப்பே இல்லை, ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டு டிப்ளமோதான்.

மிஞ்சுவது கர்நாடகம். பெங்களூர், மங்களூர் வட்டாரத் தனியார் செவிலியர் கல்லூரிகள் கேரள மாணவர்களை நம்பியே வளர்ந்தவை. பிளஸ் 2 முடிவுகள் வெளியாகும் மே, ஜூன் மாதங்களில் எல்லைப்புறச் சிற்றூர்களின் பேருந்து நிலையச் சுவர்களிலும் கடைத்தெருக்களிலும் அவற்றின் விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. கல்லூரிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நிற்பவர் இடைத்தரகர். பெரும்பாலும் அவர் அந்நியர் அல்லர். முன்னாள் மாணவர், பக்கத்து ஊர் ஆசிரியர், தொலைதூர உறவினர் என்று ஏதோ ஒரு முகமாக இருப்பார். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவிக்கும் கல்லூரியிடம் தரகு பெறுவார். விடுதி உண்டு, வங்கிக் கடன் உண்டு, வெளிநாட்டு வேலை உண்டு என்பார். கல்லூரிக்கெனச் சொந்த மருத்துவமனை உண்டா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கவுன்சிலின் நெறிமுறைப்படி செவிலியர் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை தேவை; ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்பது பயிற்சிக்கான விகிதம். அறுபது பேர் படிக்கும் வகுப்புக்கு எத்தனை படுக்கைகள் வேண்டும் என்பதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அது இல்லாத கல்லூரி தன் மாணவியரை வேறு மருத்துவமனைகளுக்குப் பேருந்தில் அனுப்பும். அங்கே ஏற்கெனவே நான்கைந்து கல்லூரிகளின் மாணவியர் ஒரே வார்டில் நின்று கொண்டிருப்பர். ஊசி போடக் கற்றுக் கொள்ளாமலேயே இறுதியாண்டுக்கு வந்துவிட்டதாக மாணவியர் குமுறுவதன் பின்னணி இதுவே.

பிடிக்கவில்லை என்று பாதியில் விலகவும் இயலாது. சேர்க்கையின்போது வாங்கி வைத்துக் கொள்ளும் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர, முழுப் படிப்புக்கான கட்டணத்தையும் கேட்கும் வழக்கம் தனியார் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் தன்வசம் வைத்துக் கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் டிப்ளமோ பள்ளிகள் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை அல்ல. ஏழை மாணவியர் அதிகம் சேர்வதோ அவற்றில்தான்.

2017: மறைந்து போன பட்டியல்

கர்நாடகத்தில் படித்தாலும் பதிவு செய்வது கேரளத்தில் என்பதே பல்லாண்டு வழக்கம். படிப்பை முடித்தவர் அம்மாநிலக் கவுன்சிலில் பதிந்து, பின்னர் கேரளக் கவுன்சிலுக்கு மாற்றிக் கொள்வார். அதற்குக் கேரளக் கவுன்சில் பார்க்கும் முதல் விஷயம், கல்லூரியின் பெயர் தில்லியின் இந்திய செவிலியர் கவுன்சில் பட்டியலில் உள்ளதா என்பது. வங்கி மேலாளர் பார்த்ததும் அதே பட்டியலைத்தான்.

இந்நிலையில், தங்கள் மாநிலத்தில் கல்லூரி நடத்த மாநிலக் கவுன்சிலின் ஒப்புதலும், ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புமே போதும், தில்லியின் அங்கீகாரம் தேவையில்லை என்ற நிலைப்பாட்டைக் கர்நாடகம் எடுத்தது. பதிலடியாக, 2017-18 கல்வியாண்டுக்கான பட்டியலில் கர்நாடகக் கல்லூரிகளே இல்லாமல் போயின. ஒன்றிரண்டு அல்ல, மாநிலம் முழுவதும்.

செய்தி பரவியபோது கேரளக் குடும்பங்களிடையே பீதி ஏற்பட்டது. ஏற்கெனவே படித்துக் கொண்டிருப்பவர்களின் கதி என்ன? புதிதாக முன்பணம் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெற முடியுமா? வங்கிகள் கடன் தரத் தயங்கின. தரகர்கள் மட்டும் தயங்கவில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்பதே அவர்களது பதிலாக இருந்தது.

கல்லூரி நிர்வாகங்களின் சங்கம் தொடர்ந்த வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 ஜூலையில் தீர்ப்பளித்தது. 1947 சட்டம் இந்திய செவிலியர் கவுன்சிலுக்குக் கொடுத்திருப்பது படிப்புகளை, அதாவது தகுதிகளை, அங்கீகரிக்கும் அதிகாரமே. கல்லூரிகளை அங்கீகரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்பது தீர்ப்பின் மையக் கருத்து. சட்டத்தின் 10-ஆவது பிரிவு தகுதிகளைப் பற்றியும், 13-ஆவது பிரிவு ஆய்வைப் பற்றியும் பேசுகின்றன. கல்லூரி தொடங்க அனுமதி தருவது பற்றி அச்சட்டத்தில் வெளிப்படையான வாசகம் இல்லை. எழுபது ஆண்டுகளாக நாடு முழுவதும் "ஐ.என்.சி. அங்கீகாரம்" என்று விளம்பரப் பலகைகளில் எழுதப்பட்ட ஒன்றுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று ஆனது. கவுன்சிலின் ஆவணங்களில் அங்கீகாரம் என்பதற்குப் பதிலாக "தகுதியுடைமை" என்ற சொல் புழங்கலாயிற்று.

சட்ட நோக்கில் தீர்ப்பு தெளிவானதாக இருக்கலாம். மாணவியின் நோக்கில் அது எதையும் தெளிவாக்கவில்லை. கர்நாடக நீதிமன்றத்தில் வென்றது கல்லூரி நிர்வாகம். கேரளக் கவுன்சிலின் அலுவலகத்தில் பதிவுக்காக நிற்க வேண்டியவர் மாணவி. இரண்டு அரசு அமைப்புகள் அதிகாரத்துக்காக வழக்காடும்போது, இடையில் சேர்ந்து படித்துவிட்டவருக்கு என்ன பாதுகாப்பு என்று எந்தத் தரப்பும் முதலில் கேட்கவில்லை என்பதே அந்த ஆண்டின் அவலம்.

கடனும் கடல் கடப்பதும்

பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் குடும்பக் கணக்கைப் பார்த்தால் போதும். 2015 செப்டம்பரில் மூணாறில் "பெண்கள் ஒற்றுமை" என்ற பொருள்படும் பெம்பிளை ஒருமை அமைப்பின் பெயரில் தோட்டப் பெண்கள் தாங்களே தெருவில் இறங்கியபோது, அவர்களது நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500. போராட்டத்துக்குப் பின் நடந்த பேச்சுவார்த்தையில் கிடைத்தது 301. மாதம் 25 நாள் கொழுந்து பறித்தாலும், பழைய கூலியில் 5,800 ரூபாய்தான் தேறும். அந்த வருமானத்தில் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட ஒரே வழி கடன். கடனை அடைக்க ஒரே வழி வெளிநாடு.

2014 ஜூலையில் இராக்கின் திக்ரித் நகரில் சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியர்களில் 45 பேர் கேரளத்தவர், ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்தவர். போர் மூண்ட பிறகும் அவர்களில் பலர் நாடு திரும்பத் தயங்கியதற்குக் கல்விக் கடனும், வேலைக்காகத் தரகர்களுக்குக் கொடுத்த பணத்துக்கான கடனும் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. 2015 ஏப்ரல் 30 முதல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் பணியை அரசு நிறுவனங்களிடம் மத்திய அரசு ஒப்படைத்தது. கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழகத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகியவை அவ்வாறு அனுமதிக்கப்பட்டவை. வேலைக்கு அனுப்பும் தரகர்களுக்கு இவ்வாறு கடிவாளம் போடப்பட்டது. கல்லூரிக்கு அனுப்பும் தரகர்களுக்கு அத்தகைய கடிவாளம் இன்றுவரை இல்லை.

உள்நாட்டு ஊதியமும் தில்லியின் கவனத்துக்கு வராமலில்லை. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்குமாறு 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனைகளில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. தொடர் போராட்டங்களுக்குப் பிறகு 2018 ஏப்ரலில் கேரளம் அந்த அளவில் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. எல்லைப்புற மாணவிக்கு இதனால் கேரளப் பதிவின் மதிப்பு மேலும் கூடியது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி கடன் திட்டம், பிணையமின்றிக் கடன் தருவதாக வரவேற்கப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் அது பொருந்துவது தரவரிசையில் உள்ள 860 உயர்கல்வி நிறுவனங்களுக்கே. பேருந்து நிலைய விளம்பரக் கல்லூரிகள் அந்த வரிசையில் வருவன அல்ல.

எல்லையே மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இம்மக்கள் அறிவர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை கொதித்தபோது குமுளி வழிப் போக்குவரத்து நின்றது. உடும்பன்சோலைத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் மலையிறங்கி ஓடி வந்தனர். 2020-இல் கரோனா பரவியபோது வாளையாறிலும் குமுளியிலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகர முடியவில்லை. அண்டை மாநில விடுதியில் மகளைச் சேர்க்கும் முன் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்கின்றனர்.

ஆய்வாளரை ஆய்வது யார்?

கல்லூரிகளை ஆய்வு செய்யும் அமைப்பு ஒன்று உள்ளது என்பதாலேயே மாணவியருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது என்பதற்கு மத்தியப் பிரதேசம் சான்று. அங்கே கட்டடமோ மருத்துவமனையோ ஆசிரியரோ இல்லாமலேயே செவிலியர் கல்லூரிகள் ஒப்புதல் பெற்றதாக எழுந்த வழக்கில், 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராயும் பொறுப்பை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் அளித்தது. 2024 மே மாதம், சாதகமான அறிக்கை தரக் கல்லூரிகளிடம் லஞ்சம் வாங்கியதாக அந்தத் துறை தன் சொந்த அதிகாரிகளையே கைது செய்ய நேரிட்டது.

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம், 1947 சட்டத்தின் இடைவெளியை ஏட்டளவில் அடைக்கிறது. புதிய கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கவும், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் பிரிக்கவும் தனி வாரியம். சேர்க்கைக்குச் சீரான நடைமுறை. நாடு முழுவதற்கும் ஒரு தேசியப் பதிவேடு. மாநிலங்கள்தோறும் ஆணையம் ஆகியவற்றுக்கு அதில் இடம் உள்ளது. கர்நாடக வழக்கில் எழுந்த கேள்விக்கு இதுவே விடை என்று சொல்லலாம். ஆனால் சீரான சேர்க்கை முறை வந்தாலும், எந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டில், எந்தச் சாதிச் சான்றோடு என்ற கேள்வி அதற்குள் அடங்குவதில்லை. அது 1950 ஆணையின் பிரச்னை. அதைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு.

புதிய இடங்களைப் பொருத்தவரை, மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்து 157 அரசுச் செவிலியர் கல்லூரிகளை 1,570 கோடி ரூபாயில் தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தமிழகத்துக்கு 11, கர்நாடகத்துக்கு 4. 2014-க்குப் பின் மத்திய உதவியுடன் மருத்துவக் கல்லூரி பெற்ற இடங்களுக்கே இவை என்பதால், கேரளத்துக்கு ஒன்றுகூட இல்லை. செவிலியர்களை உலகுக்கே அனுப்பும் மாநிலம் செவிலியர் கல்லூரித் திட்டத்தில் இடம்பெறாதது தில்லித் திட்டமிடலின் விந்தைகளில் ஒன்று. கேரள அரசு தன் பொறுப்பில் அதே ஆண்டில் இடுக்கி உள்ளிட்ட இடங்களில் செவிலியர் கல்லூரிகளைத் தொடங்கியது. இடுக்கிக் கல்லூரியின் மாணவியர் 2025 அக்டோபரில் விடுதி வசதி கோரிப் போராட வேண்டி வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில், குறிப்பிட்ட ஒரு கல்லூரிக்கு இவ்வாண்டு எத்தனை இடங்களுக்கு ஒப்புதல் உள்ளது, அதன் மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் உள்ளன, அங்கு படித்தவர்களைக் கேரளக் கவுன்சில் பதிவு செய்கிறதா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெற மாணவிக்கு உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி, மாநிலக் கவுன்சிலுக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். தரகர் முன்பணத்துக்குக் கொடுக்கும் கெடு அதைவிட மிகக் குறைவு. பிளஸ் 2 தேர்வு எழுதிய கையோடு, முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே, சேர்க்கை தொடங்கும் நேரத்தில் அந்தப் பதில் கையில் இருக்கும்.